அத்தையிடம் மிஞ்சிய ஒரு வசவு

அன்றைக்கு நான் மட்டும் ஏன் சிரிக்கவில்லை என்று நீங்கள் ஆளுக்கொரு தரம் கேட்டுவிட்டீர்கள். காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நம் கூட்டத்து போஸ்ட்மாஸ்டர் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். டீ வாய்க்குள் போகாமல் தாடை வழியாகச் சட்டைக்குப் போனது. "என்ன வே, சட்டைக்கும் சேத்தா டீ சொன்னீரு?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தீர்கள். போஸ்ட்மாஸ்டரும் சிரித்தார், பாதி முகத்தால். எதற்கும் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். சாவு வீட்டில் என்னைப் பின்வரிசையில் உட்கார வைப்பதே அதற்காகத்தான். அப்படிப்பட்டவன் எழுந்து நின்று, "ரெண்டு கையையும் தூக்கும் வே" என்று கத்தினேன். வலது கை பாதி ஏறி, தன் பாட்டுக்கு இறங்கிவிட்டது. தண்ணீர் கொடுக்க வந்தவரின் தம்ளரை நான் தட்டிவிட்டதில் அது சாக்கடைக்குப் போனது.

பிறகு ஆம்புலன்ஸ், ஸ்கேன், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்றுதான். "டீ வாறதுக்கு முந்தி வரைக்கும்" என்று நாம் கோரஸாகச் சொன்னோம். அந்த ஊசிக்குச் சில மணி நேரம்தான் கெடு. நாம் கெடுவுக்குள் போய்விட்டோம். இன்றைக்கு அவர் கைத்தடியோடு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய டீயில் சர்க்கரை இல்லை என்று குறை சொல்கிறார்.

அதற்கப்புறம்தான் டீக்கு முன்னால் எல்லாரும் பல்லைக் காட்ட வேண்டும், இரண்டு கையையும் தூக்க வேண்டும், ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். பாதிப் பேருக்குக் காட்டப் பல் இல்லை என்பது வேறு விஷயம். இதை ஏதோ யோகா என்று நினைத்து வெளியாட்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரியிடமும் இந்தப் பாடத்தை ஒப்பித்தேன். "ஒங்களுக்கு வாய் கோணுனா எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான இருந்தது" என்றாள்.

சிரித்ததால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் கெட்டது. வாயை அடக்கியதால் இன்னொரு காரியம் கெட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் நான் வேடிக்கையாக ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது வாய்ப் பழக்கம்; துக்கம் குறைவு என்று அர்த்தமில்லை.

அப்போது நாங்கள் சேரன்மகாதேவியில் இருந்தோம். அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். அவர் வாயிலிருந்து 'சனியன்' என்ற சொல்கூட வந்து நாங்கள் கேட்டதில்லை. கோபம் வந்தால் எங்களை 'நீங்கள்' என்று கூப்பிடுவார். அவ்வளவுதான், எங்களுக்குக் காய்ச்சல் கண்டுவிடும்.

அவருடைய அக்காதான் எங்கள் அத்தை. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் பேச்சு முழுவதையும் அத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று தெருவில் சொல்வார்கள். பம்பாய்க்கு வேலைக்குப் போன அத்தை புருஷன் அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டார். அத்தை பொட்டும் தாலியுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். யாராவது பரிதாபமாகப் பார்த்தால், "தாலி இங்க இருக்கு, ஆளு அங்க இருக்கு. ஒருநா தபால்ல போட்டு அனுப்பிருவேன்" என்பாள். பரிதாபப்பட வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அதுதான் அவளுக்கும் வேண்டியிருந்தது.

அவள் யாரைப் போல வேண்டுமானாலும் நடிப்பாள். ஓதுவார் பாட ஆரம்பிக்குமுன் தொண்டையைச் செருமுகிற செருமல், தாசில்தார் வீட்டம்மா நாற்காலியில் உட்காருமுன் அதை ஒரு பார்வை பார்க்கிற பார்வை, அப்பா சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழாகச் சரிபார்க்கிற விதம். தெருவில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். "ம், ஆரம்பிங்க மதினி" என்பார்கள். பாயசம் சுமாராக இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். அத்தை நடிக்காவிட்டால் விசேஷம் விசேஷமில்லை.

சித்திரை மாதம், பள்ளிக்கூடம் அடைத்த சமயம். அடுத்த வீட்டில் வளைகாப்பு. சாப்பிட்ட ஆண்கள் தெருப் பந்தலில் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் கல்கண்டுக்காகப் பெண்கள் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நாங்குநேரிக்காரி. வெற்றிலையை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு மறு கடைவாயால் பேசுகிறவள். அவள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனதுதான் தாமதம், அத்தை வெற்றிலையை அதக்கிவிட்டாள்.

"இதென்ன வளையலு? எங்க ஊர்ல முழங்கை வரைக்கும் அடுக்குவோம்லா..."

அப்படியே நாங்குநேரி. கூடம் குலுங்கியது. அடுத்த வரி கொஞ்சம் குழறியது. வலது கடைவாயிலிருந்து வெற்றிலைச் சாறு வழிந்து ரவிக்கையில் சொட்டியது.

"ஐயோ, சாறு ஒழுகுதது வரைக்கும் பாத்து வச்சிருக்காவளே" என்று ஒருத்தி தரையைத் தட்டிச் சிரித்தாள். அத்தையின் வலது கையிலிருந்து தட்டு சரிந்தது. வெற்றிலையும் பாக்கும் சிதறின. "போதும் மதினி, வயித்த வலிக்கி" என்றாள் என் அம்மா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. அத்தை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எதையோ கேட்கிற கண். பிறகு வாயைத் திறந்தாள். சொல்லாக இல்லாத ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு அந்தச் சத்தத்துக்குத்தான் கிடைத்தது.

புடவை நனைந்து தரையில் ஈரம் பரவியபோதுதான் சிரிப்பு நின்றது. நின்றதும் என்ன செய்திருக்க வேண்டும் என்று நம் பெஞ்சில் எந்தக் கிழவனைக் கேட்டாலும் இன்றைக்குச் சொல்லுவான். அன்று அவர்கள் செய்தது, தெருப்பக்கக் கதவைச் சாத்தியது. "ஆம்பளைங்க காதுல விழ வேண்டாம்" என்றாள் ஒருத்தி. அவ்வளவு பேச்சுக்காரி, கூட்டத்தில் புடவையை நனைத்துவிட்டாள் என்ற மானக்கேட்டை மறைப்பதுதான் அவர்களுக்கு அப்போது தெரிந்த ஒரே வைத்தியம். கொல்லை வழியாகவே எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். புடவை மாற்றினார்கள். பித்தம் என்றாள் ஒருத்தி, வாயு என்றாள் மற்றவள். "அம்புட்டுப் பேரு சிரிச்சா கண்ணு படாம என்ன செய்யும்" என்று மூன்றாமவள் மிளகாய் வற்றலைச் சுற்றி அடுப்பில் போட்டாள். சுக்குத் தண்ணீரை வாயில் ஊற்றினார்கள். அது மூக்கால் வந்தது. அத்தை இருமி இருமி நீலம் பாரித்துப் பிறகு கண்ணை மூடினாள்.

"தூங்கட்டும். எந்திரிச்சா சரியாப் போயிரும்."

சாயங்காலம் வந்த அப்பாவிடம் மயக்கம் என்று மட்டும் சொன்னார்கள். அவர் எட்டிப் பார்த்தார். அக்கா தூங்குகிறாளே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் விலகிப் போனார். அவ்வளவு மரியாதை.

விடிந்தபோது அத்தையின் வலது பக்கம் அவளுடையதாக இல்லை. வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர், "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "இன்னைக்குக் காலையில சார்" என்றார் அப்பா. பின்னால் நின்ற அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நேத்து மத்தியானம்" என்றாள். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு வெகுநாள் அம்மாவை அவர் 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டார்.

கட்டியைக் கரைக்கிற ஊசியெல்லாம் அன்றைக்குக் கிடையாது. முதல்நாள் மத்தியானமே கொண்டுபோயிருந்தாலும் அந்த ஊசி கிடைத்திருக்காது. சுக்குத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்க் கட்டிய சளியாவது இல்லாமல் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தை இறக்கினார்கள். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். முதுகில் புண் வராமல் அடிக்கொரு தரம் புரட்டிப் போட்டார்கள். வார்டில் எப்போதும் பினாயில் வாடையும் சாத்துக்குடித் தோல் வாடையும் கலந்து இருக்கும். இன்றைக்கும் சாத்துக்குடி உரித்தால் எனக்குத் தரை கழுவிய மாதிரி தோன்றும்.

குழாயை எடுத்த பிறகு ஒருநாள் பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தார். பின்னால் ஒரு படை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். உதடுகள் கூடின.

"மூதி" என்றாள்.

மூதேவியைச் சுருக்கி எங்கள் பக்கத்தில் சொல்கிற வசவு அது. உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. அப்பா கைகூப்பிவிட்டார். "மன்னிக்கணும் சார். எங்க குடும்பத்துல யாரும் இப்படி..." அத்தை அப்பா பக்கம் திரும்பி, "மூதி" என்றாள், உனக்கும் உண்டு என்பது போல.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லது. பேச்சு மண்டபம் இடிஞ்சாலும் வசவு, பாட்டு, எண்ணிக்கை இதெல்லாம் சில பேருக்குத் தப்பிச்சிரும். அத வச்சிக்கிட்டுத்தான் மத்ததத் தேடணும்" என்றார்.

தேடுகிற வேலையைச் செய்தவள் அங்கே கைகால் பயிற்சி கொடுக்கிற அம்மா. பாளையங்கோட்டைக்காரி, வெள்ளைப் புடவை. சிரிக்கிற ஆளில்லை. முதல்நாள் அவளையும் அத்தை மூதி என்றுதான் வரவேற்றாள். "இருக்கட்டும். மூதி வந்திருக்கேன், கையத் தூக்குங்க" என்றாள் அவள். கட்டிலில் உட்கார வைத்தாள். நிற்க வைத்தாள். தரையைப் பார்க்காமல் எதிர் சுவரைப் பார்த்து நடக்க வைத்தாள். வலது கைக்குப் பந்து வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பந்து என் சிவப்பு ரப்பர் பந்து. அது மருந்தாகிப் போனது. என் கிரிக்கெட் வாழ்க்கை அத்துடன் முடிந்தது; தேசத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவள் அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வாரா வாரம் கூட்டிட்டு வாங்க சார். வீட்லயும் பேச வைக்கணும். எந்தச் சொல்லு வந்தாலும் வரட்டும். அதப் பிடிச்சித்தான் அடுத்தத இழுக்கணும். வாய மூடச் சொல்லிராதீங்க."

வைகாசி முழுவதும் எங்கள் வீடே பள்ளிக்கூடமாக இருந்தது. கூடத்துத் தூணில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அத்தை எழுந்து நிற்பாள். கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குப் புளியங்கொட்டை அள்ளிப் போடுவாள். வலது கையால் பந்தை அமுக்குவாள். அலுத்தால் இடது கையால் என் தலையைக் குறிபார்த்து எறிவாள். குறி தப்பினதே இல்லை.

பேச்சு ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதற்குள் எத்தனை ராகம். நீட்டினால் தண்ணீர். கடைசியில் தூக்கினால் யார் வந்திருப்பது என்ற கேள்வி. அடித்தொண்டையில் வந்தால் அம்மா வைத்த ரசத்தைப் பற்றிய கருத்து. என் அக்காவும் நானும் அதில் பண்டிதர்களாகிவிட்டோம். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாண வயது. அத்தை வளர்த்த பிள்ளை அவள். அத்தைக்குத் தலைவாரிவிடும்போது, "ஒன்னு, ரெண்டு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்துவாள். அத்தை பத்து வரைக்கும் தடையில்லாமல் ஓடுவாள். கும்மிப் பாட்டில் முதலடியை அக்கா பாடினால், மிச்ச அடிகள் சொல்லோடு வந்துவிடும். பாட்டில் வருகிற தண்ணி என்ற சொல்லை நாங்கள் பிடித்து நிறுத்தி, சொம்பைக் காட்டி, "இது என்ன அத்த?" என்போம். நாள்கணக்கில் மூதிதான். ஒருநாள் சொம்பைப் பார்த்து, தண்ணி என்றே சொல்லிவிட்டாள். அக்கா அந்தச் சொம்பைத் தூக்கிக்கொண்டு தெருவரைக்கும் ஓடினாள்.

பிறகு "போதும்" வந்தது. ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கயிற்றைப் பிடித்து நின்ற அத்தை, "ஏலே" என்றாள். அப்பாவை அந்த ஊரில் அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள். அப்பா சட்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். கிணற்றில் வாளியை இறக்குகிற சத்தமே கேட்கவில்லை, ஆனால் திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது.

ஆனியில் அக்காவைப் பெண் பார்க்கத் திருச்செந்தூரிலிருந்து வந்தார்கள். பெரியவள் கூடத்தில் இருக்க வேண்டும் என்று அப்பாதான் சொன்னார். அத்தையும் தயாரானாள். வருகிறவர்களை "வாங்க" என்று சொல்ல வேண்டும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். எப்படிச் சொன்னாள் என்று கேட்காதீர்கள், எங்களுக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுவதும் அக்காவும் நானும் வாசலுக்குப் போய்ப் போய் விருந்தாளியாக உள்ளே வந்தோம். நான் கட்டத் தெரியாத வேட்டியைக் கட்டிச் சம்பந்தியாக வந்தேன். "வா... ங்க" என்று அக்கா வாயை அகலத் திறந்து காட்டுவாள். அத்தை வியர்த்து வியர்த்து முயற்சி செய்வாள். கடைசிவரை 'வா' வரவேயில்லை.

அன்றைக்குப் பட்டுப் புடவையில், வலது கையை மடியில் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டு அத்தை நாற்காலியில் இருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா அங்கவஸ்திரத்தோடு முதலில் உள்ளே வந்தார். அத்தை முகம் மலர்ந்தது.

"வா..." என்றாள். வந்துவிட்டது. எங்களைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்தீர்களா என்று. பிறகு முழு அன்போடு முடித்தாள். "வா மூதி."

காபி ஆறிப்போனது. அவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்தார்கள். போகிறபோது மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம், "இது எத்தன வருசமா இருக்கு? பரம்பரையா?" என்று கேட்டாள். அத்தை இன்னும் வாசலையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சொல் சரியாக வந்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அத்தைக்கு எதிரிலேயே பேசினார்கள். பேச்சு போனவளுக்குப் புத்தியும் போயிருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

"அத்தான், நான் சொல்லுதேன்னு கோவிக்கப்பிடாது. புள்ளைக்கு ஒரு இடம் அமையுத வரைக்கும் மதினிய உள்ள வச்சிருங்க. இந்தப் பயிற்சி, பாட்டு எல்லாத்தையும் நிறுத்துங்க. தெருவுக்கே கேக்கு."

"ஆஸ்பத்திரியில..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரிக்காரியா வந்து மாப்பிள்ளை பாத்துத் தருவா? பஸ்ஸுல கண்டக்டர மூதிங்காவ. ஊரே பேசுது."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு அத்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "எக்கா, கொஞ்ச நாளைக்குத்தான். புள்ளை கல்யாணம் முடியுத வரைக்கும் நீ வாயத் தொறக்காம இரு" என்று கைகூப்பினார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்திருந்தது, ஒரு எழுத்து விடாமல். இடது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

நெல் போட்டுவைக்கிற உள்ளறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். தூணில் கட்டிய கயிற்றை அவிழ்த்தார்கள். பந்தைத் திருப்பி எனக்கே கொடுத்தார்கள். அதை ஆற்றில் எறிந்தேனா, யாருக்காவது கொடுத்தேனா, ஞாபகமில்லை. அதை வைத்து நான் விளையாடவில்லை என்பது மட்டும் நிச்சயம். பாளையங்கோட்டைப் பயணம் இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போய், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விருந்தாளி இருக்கிறபோது மட்டும் பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் அப்பா நினைத்தார். அத்தைக்கு அரைகுறையாக எதையும் செய்யத் தெரியாது. யாருமே இல்லாத மத்தியானத்தில் நான் சொம்பை எடுத்துப்போய், "இது என்ன அத்த?" என்று கேட்பேன். வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவாள். அவளிடமிருந்து திருடிய ஓதுவார் செருமலைச் செய்து காட்டுவேன். உடம்பு குலுங்கச் சிரிப்பாள், சத்தமே இல்லாமல், கை வாயைவிட்டு இறங்காமல். மழைச்சாரல் ஓட்டில் விழுகிற சத்தம்தான் கேட்கும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "எக்கா நல்லாப் புரிஞ்சிக்கிட்டா" என்றார். அவர் குரலில் பெருமைகூட இருந்தது.

அடுத்த இடம் ராதாபுரத்திலிருந்து வந்தது. நல்ல மனிதர்கள். வீட்டுப் பெரியவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். மாமா முந்திக்கொண்டு, "அத்தானுக்கு ஒரு அக்கா இருக்காவ. மௌன விரதம். உள்ளயே இருந்து பூசை பண்ணுதாவ" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய் இவ்வளவு தூரம் போகும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். மாப்பிள்ளையின் அம்மா பக்தி மிகுந்தவள். நேரே உள்ளறைக்குப் போய் அத்தை காலில் விழுந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள். அத்தையின் இடது கை எழுந்தது. இடது கையால் ஆசீர்வாதமா என்று பதறிய என் அம்மா, ஓடிப்போய் அத்தையின் செத்த வலது கையைத் தூக்கி அந்தம்மாள் தலையில் வைத்து, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள். அத்தை அந்தக் கையைப் பார்த்தாள். யாருடைய கையோ என்பது போல. பழைய அத்தையாக இருந்தால் அந்தக் காட்சியை நடித்தே நாலு விசேஷத்தை ஓட்டியிருப்பாள்.

ஆவணியில் வீட்டுவாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. மேளம் கொட்டுகிற சத்தத்தில் அவள் பேசியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுமுன் அக்கா உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். அத்தை மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அத்த, முடிஞ்சிட்டு. இனி ஒன்னுமில்ல. என்னைய ஒரு வார்த்த சொல்லி அனுப்பு. திட்டி அனுப்பு."

அத்தை வாயிலிருந்து கையை எடுத்தாள். அத்தனை நாளாக நான் பார்க்காத அவளுடைய வாய். உதடுகள் கூடின. காற்று வந்தது. மறுபடியும் கூட்டினாள். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. அக்கா, "ஒன்னு, ரெண்டு..." என்று தொடங்கினாள். கும்மியின் முதலடியைப் பாடினாள். வெளியில் நேரமாகிறது என்று கதவைத் தட்டினார்கள். அத்தை இடது கையால் அக்காவின் கன்னத்தைப் பிடித்து, வாசல் பக்கம் தள்ளினாள். போ என்று.

அடுத்த வாரமே அப்பா அத்தையைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். வெள்ளைப் புடவைக்காரி அத்தையின் வாயைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு பூட்டிக்கொண்டிருந்தன. "பேச வச்சீங்களா?" என்று கேட்டாள். அப்பா காரணங்களைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நாத்து பிடிக்கிற நேரத்துல மடைய அடைச்சிட்டீங்களே சார்" என்றாள். திட்டியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். அவள் பைய, தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு எப்போதும்போல அத்தைக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பெரிய டாக்டர், தலைக்குள் இன்னொரு தரம் சின்னதாக அடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

கயிற்றை மறுபடி தூணில் கட்டினார். கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்படி அத்தைக்கு நாற்காலி போட்டார். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவள் முன்னால் தரையில் உட்காருவார். முதலில் எண்ணிக்கை. பிறகு பாட்டு. அப்பாவுக்குப் பாட வராது. கும்மிப் பாட்டை ஆபீஸ் உத்தரவு மாதிரி வாசிப்பார். நான் தூணுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்குவேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. தலைதீபாவளிக்கு அக்காவும் மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாகச் செய்தி வந்திருந்தது. அன்று எண்ணிக்கையும் பாட்டும் முடிந்து அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியே மழை விட்டிருந்தது. தெருக்கதவு திறந்தே கிடந்தது. திடீரென்று அவர் முழங்காலிட்டு எழுந்து, அத்தையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"எக்கா, இங்க பாரு. என் வாயப் பாரு. மூ..." என்றார். உதடுகளைக் குவித்துக் காட்டினார். "மூ... தி. மூதி. சொல்லு எக்கா. என்னையத்தான். ஒரு தடவ சொல்லு."

சனியன் என்றுகூடச் சொல்லாத மனுஷன். அந்தச் சொல் அவர் வாயில் பழக்கமில்லாமல் தடுக்கியது. தடுக்கத் தடுக்க இன்னும் உரக்கச் சொன்னார். மூதி, மூதி, மூதி. அம்மா அடுக்களையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். அப்பா கண்ணைத் துடைக்கவில்லை. உதடு குவிந்தபடியே இருந்தது, அவள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமே என்று.

அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை மெல்ல எடுத்து அப்பாவின் வாயைப் பொத்தினாள். திறந்து கிடந்த தெருக்கதவைப் பயத்தோடு பார்த்தாள்.